பட்டுக்கு மட்டும் செல்லுற சீட்டு

எங்க மில்லுல அந்தத் தீபாவளிக்குப் போனஸ் பணமா வரல, ஒரு கவருல வந்துச்சு. பிரிச்சா உள்ள பத்துச் சீட்டு. ஒரு சீட்டு ஐந்நூறு ரூபாய். மதுரையில இருக்குற ஒரு பெரிய ஜவுளிக்கடையோட சீட்டு. மேல தங்கக் கலருல ‘அன்பளிப்பு’ன்னு போட்டு, கீழ எறும்பு மாதிரி எழுத்துல பட்டுப் பிரிவுக்கு மட்டும், ரொக்கம் கிடையாது, மீதி தரப்படாதுன்னு அடிச்சிருந்தாக.

நூல் சுத்துற மிஷின்ல நிக்கிற பிள்ளைகளுக்குப் பட்டு எதுக்கு? சுடிதாரும் நைட்டியுமாத் திரியிறவக நாங்க. முதலாளியும் அந்தக் கடைக்காரரும் சம்பந்திகன்னு பேசிக்கிட்டாக. இருந்துட்டுப் போகட்டும், அதுக்கு எங்க போனஸா கெடச்சுச்சு? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு கவர அங்கனயே கிழிச்சு எறிஞ்சிருப்பேன்.

கிழிக்க முடியாது. எனக்கு அந்தக் காசு வேணும். தங்கச்சி தேனியில லேப் டெக்னீசியன் படிப்பு ரெண்டாவது வருசம் படிச்சுக்கிட்டிருந்தா. கடைசிப் பரீட்சை. நாலாயிரத்தைந்நூறு ரூபாய் பீஸ் கட்டுனாத்தான் ஹால் டிக்கெட்டுன்னு காலேஜுல கறாராச் சொல்லிட்டாக. தீபாவளி முடிஞ்ச மூணாவது திங்கக்கிழமை கடைசி நாளு. விட்டா ஒரு வருசம் போச்சு. அப்பா இல்லாத வீடு, அம்மா களை வெட்டப் போகுற கூலி வாய்க்கும் வயித்துக்கும் சரியாப் போகும். போனஸ நம்பித்தான் இருந்தோம்.

எங்க சூப்பர்வைசர் ஒரு யோசனை வச்சிருந்தாரு. கவரக் கொண்டுவந்து குடுத்தா மூவாயிரம் ரூபாய் கையில தருவாராம். ஐயாயிரத்துக்கு மூவாயிரம்! பாதிப் பிள்ளைக வேற வழியில்லாம குடுத்துருச்சுக. நான் குடுக்கல. “நீ என்ன, பட்டுக் கட்டிக்கிட்டா மிஷின்ல நிக்கப் போற?”ன்னு கேட்டாரு. “ஆமா சார், கட்டிக்கிட்டுத்தான் நிக்கப் போறேன்”னுட்டு வந்துட்டேன். வாய் வீராப்பாப் பேசிருச்சு, பீஸுக்குத்தான் வழி தெரியல.

மில் வேன் ஓட்டுற அண்ணன்தான் கை குடுத்தாரு. கூடலூர்ல அவருக்குத் தெரிஞ்ச திராட்சைத் தோட்டக்காரரு ஒருத்தரு மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தாக. ஞாயித்துக்கிழமை மதுரைக்கு ஜவுளி எடுக்கப் போறாக, அதே கடைக்கு. போன்ல பேசி முடிச்சோம். பத்து சதம் கழிவு, நாலாயிரத்தைந்நூறு கையில. “சீட்டு செல்லுமா செல்லாதான்னு எனக்குத் தெரியாது. நீயும் எங்க கூட வந்து பில்லுப் போடுற எடத்துல நில்லு”ன்னாரு பொண்ணோட அப்பா. நியாயந்தானே, தேனியில அவுக வேன்ல ஏறிக்கிட்டேன்.

வேன்ல பதிமூணு பேரு. பொண்ணோட அப்பா என்னையத் ‘தெரிஞ்ச பொண்ணு, மதுரைக்கு வருது’ன்னு மட்டும் சொன்னாரு. சீட்டு விசயத்தப் பொண்டாட்டிகிட்ட அவரு மூச்சு விடலன்னு எனக்கு அப்பத் தெரியாது.

கடையில மாடியிலதான் பட்டுப் பிரிவு, அங்க ரெண்டு மணி நேரம். விரிச்ச சேலையெல்லாம் மலையாக் கெடந்துச்சு. கடைசியில அரக்குக் கலருல ஒரு பட்டுப் புடிச்சுப் போச்சு, எட்டாயிரத்துச் சில்லறை. முதல் பில்லு முகூர்த்தப் பட்டுக்குத்தான் போடணும்னு அவுக வழக்கம். பொண்ணோட அம்மா ஒரு மஞ்சப்பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பில்லு மேசைக்கு வந்தாக. அவரு கண்ணக் காட்டுனாரு. நான் பத்துச் சீட்டையும் மேசையில பரப்புனேன்.

“என்னது இது?”ன்னாக அந்தம்மா.

“கிஃப்ட் வவுச்சர்ம்மா”ன்னான் பில்லுப் போடுறவன்.

ஒரு சீட்ட எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சாக. மொகம் மாறிப் போச்சு. “அன்பளிப்பா? முகூர்த்தப் பட்டுக்கு எவனோ குடுத்த ஓசிச் சீட்டா? ஊருல தெரிஞ்சா காறித் துப்ப மாட்டாக?”

“ஐந்நூறு ரூவா மிச்சம்டி”ன்னு இழுத்தாரு அவரு.

“ஐந்நூறு ரூவாய்க்கு எம் மக ஓசிச் சேலையில மணையில உக்காரணுமாக்கும்!” சீட்ட வாரி எங்கிட்டத் தள்ளுனாக. “எடுத்துக்கிட்டுப் போம்மா.”

விடிஞ்சாத் திங்கக்கிழமை. பீஸ் கட்டக் கடைசி நாளு. அழுகை வரல, கோவந்தான் வந்துச்சு.

“ஓசின்னு சொல்லாதீக! எவனும் எனக்குச் சும்மா தூக்கிக் குடுக்கல. வருசம் பூராம் நின்ன காலோட நின்னு, பஞ்சுத் தூசியத் தின்னு இருமி இருமி வாங்குன கூலி இது. பணமாக் குடுக்க மனசில்லாமச் சீட்டாக் குடுத்துட்டாக. அன்பளிப்பாம் அன்பளிப்பு! எந்தப் பாவி அப்பிடி அச்சடிச்சானோ!”

மாடியே திரும்பிப் பாத்துச்சு. அந்தம்மா மட்டும் கொஞ்சம் எறங்குன கொரல்ல, “கூலியா?”ன்னாக.

“போனஸும்மா. ஒழைச்சதுக்குக் குடுத்தது.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”ன்னு சீட்ட இழுத்து மேசையில வச்சாக. அவுக வீட்டுல முகூர்த்தப் பட்டுக்கு வட்டிக்காசு, ஓசிக்காசு எதுவும் கலக்கக் கூடாதாம். பாடுபட்ட காசா இருக்கணும். மஞ்சப்பையில இருந்ததும் திராட்சை வித்த காசுதான், குலசாமி முன்னால வச்சுக் கும்பிட்டுக் கொண்டாந்திருக்காக.

பில்லு முடிஞ்சதும் அவரு நாலாயிரத்தைந்நூற எண்ணி நீட்டுனாரு. “ஐயாயிரம்ல? கொறையுதே”ன்னாக அந்தம்மா.

“பத்து சதம் கழிவு. பேசுனதுதான்.”

“அந்தப் பிள்ளை கூலியில கழிச்சு எம் மகளுக்குச் சேலையா? நல்லாருக்குய்யா நீரு பாக்குற வேலை!” மஞ்சப்பையில இருந்து ஐந்நூறு ரூபாய எடுத்து என் கையில திணிச்சாக. பேசுன தொகையே போதும்மான்னேன். “வாங்கிக்க ஆத்தா”ன்னாக. திட்டுனப்ப வராத அழுகை அப்ப வந்துருச்சு. மில்லுல லேட்டுக்குக் கழிப்பாக, சாப்பாட்டுக்குக் கழிப்பாக, அறுந்த நூலுக்குக் கழிப்பாக. கழிக்கக் கூடாதுன்னு எனக்காக ஒருத்தர் சொல்லி அன்னைக்குத்தான் கேட்டேன்.

மறுநா காலையில பீஸக் கட்டி ஹால் டிக்கெட் வாங்கியாச்சு. மிச்ச ஐந்நூறுல தங்கச்சிக்கு ஒரு வெள்ளைக் கோட்டு எடுத்தோம். பாஸ் பண்ணி, போடியில ஒரு லேப்புல வேலைக்குச் சேந்துட்டா.

அடுத்த தீபாவளிக்கும் அதே கவரு வந்துச்சு. வரிசையில நின்னு, மேனேஜர் மேசையில கவரத் திருப்பி வச்சேன். “சார், எனக்குப் பணமாக் குடுங்க.” ஒரு மொறை மொறைச்சாரு. அப்புறம் எண்ணிக் குடுத்தாரு. மறுமாசம் ஆள் கூடுதலா இருக்குன்னு சொல்லி என்னைய வேலையில இருந்து நிறுத்திட்டாக.

என்னா தைரியம்டி உனக்குன்னு இன்னைக்கும் கேக்குறவக இருக்காக. தைரியமாவது மண்ணாவது. தங்கச்சி சம்பளம் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்துச்சு, அதான் வாய் வந்துச்சு. அன்னைக்கு வரிசையில எனக்குப் பின்னால நின்ன பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தங்கச்சி இல்ல. அதுக ஒவ்வொண்ணா வந்து, என்னையப் பாக்காம, கவர வாங்கிட்டுப் போச்சுக.