மருதாள் மாற்றிய குடம்

மருதாளுக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள். ஒன்று, கல்யாணச் சீராக வந்த செப்புக்குடம். இன்னொன்று, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த புருஷன் திருமூர்த்தி. குடத்தை வாரம் தவறாமல் புளி போட்டுத் தேய்த்து மினுக்குவாள். புருஷனைத் தேய்க்கிற வேலை இல்லை, அவன் தானாகவே மின்னிக்கொண்டிருந்தான். இருபது மடிப்புத் துணியை மேஜைமேல் அடுக்கிப் பெரிய கத்திரியை ஒரே ஓட்டமாக ஓட்டுவான். கழுத்து வளைவில் ஒரு பிசிறு இருக்காது. அதே கம்பெனியில் பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்குகிறவள் மருதாள். அந்தக் கத்திரிச் சத்தம் கேட்டால்தான் அவள் கையும் வேகம் பிடிக்கும்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்து இருவரும் ஒரே சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். அவன் மிதிப்பான், அவள் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் பேசுவாள். பள்ளம் மேடு வந்தால்தான் பேச்சு நிற்கும்.

எழுபத்தொன்றாம் வருஷம் மதுவிலக்கை எடுத்துவிட்டு ஊரெல்லாம் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தார்கள். திருமூர்த்தியின் கெட்ட நேரம், அவன் கை நடுங்க ஆரம்பித்ததும் அதே மாசம்தான். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. முதலில் துணியில் போடுகிற சாக்பீஸ் கோடு வளைந்தது, பிறகு பேச்சு குழறியது. 'மருதா' என்று கூப்பிட்டால் வாயில் மாவை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல 'மதா' என்று வந்தது. நடையும் தள்ளாடியது. ஒருத்தனைக் குடிகாரன் என்று சொல்ல ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒருநாள் நூறு பனியனுக்கான துணி கோணலாகப் போயிற்று. முதலாளி சிவசுப்பிரமணியம் நல்ல மனுஷர். கத்தவில்லை. கத்திரியை வாங்கிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார்.

"திருமூர்த்தி, குடியை உட்டுப்போட்டு வா கண்ணு. கத்திரி எங்கயும் போகாது, இங்கயேதான் இருக்கும்."

அன்றிலிருந்து மருதாள் தனியாகப் பஸ் ஏறி வேலைக்குப் போனாள். மடிக்கும் இடத்தில் உட்கார்ந்தால் நேர் எதிரே அந்த ஆணி. அந்தக் கத்திரி மறுபடி அவன் கைக்கு வர வேண்டும். அந்த ஒன்றைத் தவிர முருகனிடம் அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

அவன் குடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கல்லவா தெரிய வேண்டும்? சாயங்காலமானால் புருஷனை வாசலில் நிறுத்துவாள். பக்கத்து வீட்டு ரங்காத்தாளையும் சாட்சிக்குக் கூப்பிடுவாள்.

"ஏனுங்க, ஊதுங்க. அக்கா, நீங்களே மோந்து பாருங்க!"

திருமூர்த்தி வெட்கத்தோடு ஊதுவான். ரங்காத்தாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பாள். "வாசம் ஒண்ணும் வரலை. ஏலக்கா கீது மென்னிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளை எந்தக் கோர்ட்டாலும் திருப்திப்படுத்த முடியாது.

உடம்புச் சூடாக இருக்கலாம் என்று மருதாள் தானே ஒரு வைத்தியம் ஆரம்பித்தாள். இரவெல்லாம் செப்புக்குடத்தில் ஊறிய தண்ணீரை விடிந்ததும் ஒரு சொம்பு நிறையக் கொடுத்தாள். ஊரில் எல்லோரும் நல்லது என்று சொல்கிற வைத்தியம்தான். கேட்காமல் இன்னொரு சொம்பும் கொடுத்தாள். அவள் அன்பு எப்போதும் இரண்டு சொம்பு.

அதிலும் குணமாகாததால் போய்ப் பார்த்த கோயமுத்தூர் டாக்டர் ஒருவர், ஈரலும் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே ஒரு பெண் டாக்டர் திருமூர்த்தியை ஒரு விளக்குக் கருவிக்கு முன்னால் உட்காரவைத்துக் கண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீங்களும் பாருங்கம்மா" என்று மருதாளைக் கூப்பிட்டார். கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம்.

"ஐயோ, இது செப்புக்குடத்துல ஏறுற பச்சைக் களிம்பாட்டம் இருக்குதுங்களே!" என்றாள் மருதாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "படிச்சவங்களே கண்டுபிடிக்கத் தடுமாறுவாங்க. நீங்க பார்த்ததும் சொல்லிட்டீங்க. அது செம்புதான்."

ரத்தத்தையும் சோதித்தார்கள். மறுநாள் டாக்டர், "உங்க ஊர்ல பனியன் மூட்டையை ரயிலுக்கு யார் கொண்டுபோவாங்க?" என்று கேட்டார்.

"வண்டிக்காரங்கதானுங்க."

"வண்டி வரலேன்னா?"

"கம்பெனிக்குள்ளயே குமிஞ்சு கெடக்குமுங்க. நடக்கறதுக்கு எடமிருக்காது."

"அதேதான். சாப்பாட்டுல எல்லாருக்கும் துளித்துளி செம்பு சேருது. ரத்தத்துல ஒரு புரதம் அதைப் பிடிச்சுச் சுமக்கும். மிச்சத்தை ஈரல் வெளியே தள்ளிடும். இவருக்குப் பிறவியிலேயே அந்தப் புரதமும் குறைவு, தள்ளுற வேலையும் நடக்கலை. அதனால செம்பு ஈரல்ல, மூளையில, கண்ணுல தேங்கிப்போச்சு. கை நடுக்கம் அதனாலதான்."

"நான் தெனமும் செப்புக்குடத்துத் தண்ணிங்க... ரெண்டு சொம்பு..." மருதாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வியாதியைக் கொண்டுவந்தது உங்க குடம் இல்லைம்மா. ஆனா இனிமே அதுல வேண்டாம். நிலக்கடலையும் வேண்டாம், அதுலயும் செம்பு உண்டு. இந்த மாத்திரை செம்பைப் பிடிச்சு வெளியே கொண்டுபோகும். வெறும் வயித்துல, ஆயுசு பூராவும் சாப்பிடணும்."

மருதாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டாள். "அப்ப இவரு குடிகாரர் இல்லைன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க டாக்டரம்மா."

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். ஊரில் முதலாளி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். ரங்காத்தாள்தான் நம்பவில்லை. சீட்டு இங்கிலீஷில் இருந்ததாம்.

மருதாள் ஊருக்கு வந்த அன்றே செய்த வேலை, பாத்திரக்கடையில் செப்புக்குடத்தைக் கொடுத்துவிட்டுப் பளபளவென்று ஒரு பித்தளைக் குடம் வாங்கியது. சீர்க்குடத்தைக் கொடுக்க மனசு வலித்தது. ஆனால் புதுக்குடத்துத் தண்ணீரைப் பெருமையாக ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மாசத்தில் நடுக்கம் இன்னும் கூடியது. டம்ளரைப் பிடிக்கவே முடியவில்லை. சொந்தக்காரர்கள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மருதாள் யார் பேச்சையும் கேட்காமல் அவனை மறுபடி மெட்ராஸுக்கு ரயிலேற்றினாள்.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "தேங்கின செம்பு கிளம்பும்போது சிலருக்கு முதல்ல இப்படிக் கூடும். அளவைக் கொஞ்சம் மாத்தித் தர்றேன், நிறுத்திடாதீங்க. குடத்தை மாத்திட்டீங்கல்ல?"

"அன்னிக்கே மாத்திப்போட்டனுங்க. நல்ல கெட்டிப் பித்தளைங்க!"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கிக் கலந்தாத்தான் பித்தளை."

முதலில் சிரித்தது திருமூர்த்திதான். தோளும் தலையும் குலுங்கச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மருதாளும் அழுதுகொண்டே சிரித்தாள். பித்தளை போய் எவர்சில்வர் குடம் வந்தது. தெருவிலேயே முதல் எவர்சில்வர் குடம் அதுதான். சட்டைப் பையில் கடலைத்தொலி சிக்கிய அன்று மட்டும் திருமூர்த்திக்குச் சோறு தாமதமாக வந்தது.

நாலாம் மாசம் கையில் டம்ளர் ஆடாமல் நின்றது. எட்டாம் மாசம் அவனே பொத்தான் போட்டுக்கொண்டான். பழைய பேப்பரை மடித்து மடித்துக் கழுத்து வளைவு வெட்டிப் பழகினான். வீடெல்லாம் காகிதப் பனியன் பறந்தது. ஒரு வருஷமும் இரண்டு மாசமும் கழித்து, "கத்திரி காத்திருக்குது, வரச் சொல்லு" என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

அன்று மருதாள் வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. அவன் கத்திரியை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற தைரியம்தான் இல்லை. பொழுது சாய்வதற்குள் எவர்சில்வர் குடத்தை மூன்று தடவை விளக்கினாள்.

சாயங்காலம் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. கூடவே ஒரு கத்தல்.

"மருதா! ஏ மருதா! மருதா!"

ஒவ்வோர் எழுத்தும் கணீரென்று வந்தது. திருமூர்த்தி ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து நேராக ஓட்டிவந்தான். மறு கையில் ஒரு துண்டுத் துணி, கழுத்து வளைவில் வெட்டி விழுந்த பிறைத்துண்டு. மருதாள் அதை வாங்கி விளிம்பில் விரலை ஓட்டினாள். ஒரு பிசிறு இல்லை.

ரங்காத்தாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன மருதா, உங்கூட்டுக்காரரு இந்தச் சத்தம் போடறாரு? குடிச்சிருக்கறாரா?"

"ஆமாங்கக்கா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் மருதாள். "எவர்சில்வர் குடத்துத் தண்ணி. தெனமும் ரெண்டு சொம்பு!"