மாதா பிரார்த்தனையில் நான் சேர்த்தது

பஞ்சுப்பேட்டையில் நான் விலை கேட்டால் தளவாய்புரம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். சும்மா சொல்லவில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். என் மூலதனம் தொண்டைதான். அந்தத் தொண்டை முதன்முதலில் அரங்கேறியது ராஜபாளையத்தில், எங்கள் தெருவிலிருந்த ஓட்டுக் கோயிலில், மாதா சுரூபத்துக்கு முன்னால். அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். பொழுது சாய்ந்ததும் மில்லிலிருந்து வந்தவர்கள் கை கால் கழுவிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிடுவார்கள். ஜெபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனை. சாமியார் இல்லாத நாளில் கோயிலை நடத்தும் உபதேசியார் புத்தகத்தைப் பார்த்து மாதாவின் திருப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும்.

அந்த வருஷம் என் அம்மா ஒருநாளும் தவறவிடவில்லை. அப்பா கொழும்புக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. போன காரணம் குழம்பு. உப்பில்லை என்றார் அப்பா. உமக்கு நாக்கில்லை என்றாள் அம்மா. பேச்சு தடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர் தூத்துக்குடியில் கப்பலேறிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பிறகு ஒரு சேதியும் இல்லை. தெருவில் யாராவது விசாரித்தால் அம்மா, "போனா போறாரு, அரிசி மிச்சம்" என்பாள். நானும் அப்படியே நம்பினேன். மாதாவுக்குத் தினமும் அவள் தனியாக ஒரு மெழுகுதிரி ஏற்றினாளே, அது எனக்காகத்தான் என்று நினைத்தேன். வேறு யாருக்கு ஏற்றப் போகிறாள்?

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெள்ளைக்காரப் பங்குச் சாமியார் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். அன்றைக்குப் பார்த்து உபதேசியாருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சாமியார் வருகிறார் என்று கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களைக் காலையிலிருந்து அதட்டிய அதட்டு அப்படி. வாசிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு பேரும் மில்லில் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். நான் எழுந்தேன்.

அம்மா என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏலே, உக்காருலே. மானத்த வாங்காத."

"எனக்கு மனப்பாடம்மா" என்று உதறிவிட்டுப் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அது எந்தப் பக்கம் திறந்திருந்ததோ, மாதாவுக்குத்தான் தெரியும்.

பாதிக்கு மேல் ஒரு தடங்கல் இல்லை. இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள் செய்யட்டும் பார்ப்போம். "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" என்று சொன்னேன், கூட்டம் பதில் சொன்னது, அடுத்த பெயர் மறந்துவிட்டது. சாமியார் கண்ணை மூடி முழங்காலில் நிற்கிறார். வேறொரு பயலாக இருந்தால் அழுதிருப்பான். நான் யோசித்தேன். வியாதிக்காரருக்கு ஆரோக்கியம் என்றால் மற்றவர்களுக்கும் மாதா ஏதாவது கொடுக்கத்தானே வேண்டும்?

"மில்லு வேலைக்காரருக்கு லீவே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" ஆம்பளைகள் பக்கம் ஓடு அதிர்ந்தது.

உபதேசியார் இரண்டு கையையும் ஆட்டினார். சத்தம்தான் வரவில்லை. இன்னும் ஓங்கிச் சொல்லச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"வத்தின கிணத்துக்கு மழையே! காயப்போட்ட பஞ்சுக்கு வெயிலே!"

இரண்டுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டார்கள். வாசலில், மாதாவுக்குப் பூ கொண்டுவரும் தெலுங்குக்கார அம்மா நின்றிருந்தார். அவர் வீட்டுப் பசு எழுந்திருக்காமல் கிடந்தது தெருவுக்கே தெரியும்.

"படுத்த மாட்டுக்கு ஊன்றுகோலே!"

"அம்மா, தல்லி!" என்று அவர் கையைத் தலைக்குமேல் தூக்கினார்.

அப்புறம் என் கண் அம்மாமேல் பட்டது. ஏன் வாயில் அது வந்தது என்று தெரியாது.

"கொழும்புக்குப் போனவருக்குத் திரும்பும் கப்பலே!"

எல்லோரும் பதில் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகும் ஒரு குரல் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. அம்மா. எனக்குத் தொண்டை யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் சாமியார் உபதேசியாரிடம், "இந்தப் பிரார்த்தனை எந்தப் புத்தகத்தில் உள்ளது?" என்று இலக்கணமாகக் கேட்டார். உபதேசியார் தம் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். சாமியார் என்னைப் பார்த்துத் தாடிக்குள் சிரித்து, "கப்பல் நன்று" என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா காதைத் திருகினாள். "இனி கப்பல் கிப்பல்னு வாயத் தொறந்தே, சூடு வச்சிருவேன். அவிய வந்தா என்ன, வராட்டி என்ன?"

மறுநாள் உபதேசியாருக்கு மிளகும் பனங்கற்கண்டும் வேலை செய்துவிட்டன. என்னைப் புத்தகத்துப் பக்கமே அண்டவிடவில்லை. பிசகாமல் வாசித்தார். ஆனால் "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" வந்ததும் கூட்டம் பதில் சொல்லி நிறுத்த, அம்மா மட்டும் தணிந்த குரலில் இன்னொரு "வேண்டிக்கொள்ளும்" சொன்னாள். முழங்கையால் இடித்தேன். அதற்கடுத்த நாளும் அதே கூத்து. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிரார்த்தனையே நடத்திக்கொடுத்த எனக்கு இது எவ்வளவு பெரிய அவமானம்!

"அம்மா, ஒருதரம் சொன்னாப் போதும். மத்தவுக நிறுத்துனா நாமளும் நிறுத்தணும்" என்று வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"சரிங்க உபதேசியாரே" என்றாள். மறுநாள் திரும்பவும் சொன்னாள்.

மாதம் முடியப் போகிற சமயம், அடைமழையில் தகரப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்பா வாசலில் வந்து நின்றார். நான் கூப்பிட்ட கப்பல், வராமல் எங்கே போகும்? அம்மா தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். பிறகு உப்புச் சட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"எம்புட்டு வேணுமோ போட்டுக்கிடுங்க."

அப்பா சட்டியைத் தொடாமலே மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் கோயிலில் முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" வந்தது. கூட்டம் பதில் சொல்லி நிறுத்தியது. அம்மாவும் கூட்டத்தோடு சேர்ந்து கச்சிதமாக நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் ஒருநாளும் அவள் தப்பவில்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் விட்டதும் உபதேசியாரிடம் ஓடி, "பாத்தியளா, எம்புட்டுப் பாடுபட்டு எங்கம்மாவத் திருத்திட்டேன்!" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தொண்டை திரும்பவும் கட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று, மிளகு வாங்க நானே கடைக்கு ஓடினேன்.