எட்டு சீட் ஜீப்புக்கு நான் சொன்ன குறைகள்

சவூதியில் பதினொரு வருஷம் ஒரு வீட்டாரின் பெரிய ஜீப்பை ஓட்டினேன். அதில் எனக்கு மிஞ்சிய சொத்து ஒன்றுதான்: ஊரில் யார் பழைய வாகனம் வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிப் போவார்கள். எனக்கென்று ஒரு சைக்கிள்கூட இல்லை என்பதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை.

மனைவி மௌத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு, வீட்டைச் சீதனமாகப் பெற்ற மகளும் புருஷனோடு கட்டாருக்குப் போய்விட்டாள். இப்போது அந்த வீட்டுக்கு நான் காவல்காரன். கிழமைக்கு ஒருமுறை போனில் கோல் எடுத்து, கேட்டைப் பூட்டினீங்களா வாப்பா என்று மேலதிகாரி மாதிரிக் கேட்பாள்.

அந்த நாட்களில்தான் மனைவியின் தம்பி வந்து, தனக்கு எட்டுப் பேர் போகிற ஜீப் ஒன்று பார்த்துத் தர வேண்டும் என்றான். அவன் வீட்டில் எட்டுப் பேர். ஒரு கலியாணத்துக்குப் போவதென்றாலும் இரண்டு ஆட்டோ பிடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்ததே இல்லையாம்.

சனிக்கிழமைகளில் அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனேன். முதல் ஜீப்பின் தரைக் காப்பெட்டைக் கிளப்பி முகர்ந்தேன். வெள்ளத்தில் நின்ற சேற்று மணம். வேண்டாம் என்றேன். அடுத்தது நற்பிட்டிமுனையில். துணி சுற்றிய காந்தத்தைக் கதவில் வைத்தேன். ஒட்டாமல் கையோடு வந்தது. தகரத்தை விட அதில் பள்ளம் நிரப்பிப் பூசிய புட்டிதான் கூட. அதுவும் வேண்டாம். இரண்டும் நேர்மையான தீர்ப்புகள்.

மூன்றாவது வெள்ளை நிறம். ஒயில் சுத்தம், டயர் புதிது, புகை இல்லை. குறை ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம். ஒவ்வொரு சனிக்கிழமையும் வழியில் இறங்கி ரொட்டி தின்று பிளேன்டி குடிப்போம். அவன் நாவிதன்வெளி வயலைப் பற்றிக் கதைப்பான், நான் என்ஜினைப் பற்றி அளப்பேன். இவன் இதை வாங்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமை நான் யாரோடு கதைப்பது? ஒரு காதைப் போனட்டில் வைத்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கும் டொக்டர் மாதிரி முகத்தைச் சுருக்கி, கியர்பொக்ஸில் ஒரு சத்தம் இருக்கிறது என்றேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் கியர்பொக்ஸைப் போனட்டுக்குள் தேடிய முதல் ஆள் நான்தான். அவன் நம்பினான்.

நாலாவது விநாயகபுரத்தில், ஒரு படகுக்காரருடையது. கடற்கரையில் நின்ற வாகனம், அடியெல்லாம் துரு தின்றிருக்கும், கஷ்டப்படாமலே மறுத்துவிடலாம் என்ற நிம்மதியோடுதான் போனேன். மணலில் சாக்கை விரித்து மல்லாந்து அடியில் நுழைந்தேன். அடிச்சட்டமான சேஸி முழுக்கத் தடவினேன். துரு இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு நல்ல தண்ணியால் கழுவி, கிறீஸ் பூசி வைத்திருக்கிறார் அந்த மனிசன். எனக்குக் கோபம்கூட வந்தது.

தேவையில்லாத நேரமெல்லாம் அங்கேயே கிடந்தேன். படகுக்காரர் வெளியே நீட்டியிருந்த என் காலைப் பார்த்து, காக்கா நித்திரையாப் போனாரோ என்று கேட்டுச் சிரித்தார். மச்சினன் பக்கத்தில் குந்தினான். அவனுடைய முகம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

"என்ன மச்சான், இதுலயும் சத்தம் இரிக்கா?"

நான் சேஸியையே திரும்பவும் தடவினேன்.

"நீங்க வேணாமெண்டா எழும்பிப் போவம். என்ன விட உங்கள நம்பித்தானே வாறன்."

அப்படிச் சொல்லாமல் ஏசியிருந்தால் இன்னொரு சத்தத்தைக் கண்டுபிடித்திருப்பேன். நெஞ்சுக்கு மேலே அந்தச் சுத்தமான இரும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எடுங்ககா. இத விடாதீங்க."

வெள்ளை ஜீப்பைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

எடுத்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, என் கேட்டடியில் ஹோன் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும்தான் போகிறோம் என்று, கொடியில் கிடந்த சேட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். உள்ளே அவனோடு பெண்சாதி, பிள்ளைகள், மாமனார், மாமி என்று எட்டுப் பேர். அறுகம்பைக் கடலுக்குப் போகிறார்களாம். ஏறுங்க மச்சான், பின்னால் நெருங்கி இருக்கலாம் என்றான். பின் சீட்டில் ஒரு பிள்ளை உடனே அசைந்து, ஒரு சாண் இடம் காட்டியது.

பெரிய மனிசன் மாதிரிக் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"எட்டுக்கு மேல ஏத்தப்படாது. ஸ்பிரிங் தாங்காது" என்றேன்.

அந்த ஜீப் நெல்லு மூட்டை ஏற்றினாலும் தாங்கும். அவன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். ஜீப் பள்ளிவாசல் முடக்கில் திரும்பும் மட்டும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு தரம் கியர் மாறியது. ஒரு குறை சொல்ல முடியாது.