நான் எடுத்துக் கொடுத்த படம்

தம்பிக்குக் காது குத்துவதென்று முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் பேசப்பட்டது ஆட்டைப் பற்றியும் இல்லை, அரிசியைப் பற்றியும் இல்லை. பேனரைப் பற்றித்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனோ பட்டாளத்தில் இருக்கிறார், இதற்கென்றே லீவு போட்டு வந்திருக்கிறார். ஊர் முக்கில் பன்னிரண்டு அடிக்குக் குறைந்து ஒரு பேனர் நின்றால் அம்மாவுக்குப் பொறுக்காது. கம்பம் டவுனில் ப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. குமுளிக்காரர்களுக்கு மலையாளத்திலும் அடித்துக் கொடுப்பார். அதனால் அந்த வேலை தானாகவே அவரிடம் போயிற்று.

நான் அப்போது ஐந்தாவது படித்தேன். மாமாவின் செல்போன் எந்நேரமும் என் கையில்தான் இருக்கும். எங்கள் தெருவுக்கு டச் போன் புதுசு. அதில் பழம் வெட்டுகிற கேம் விளையாட எனக்கு மட்டும் அனுமதி. மாமா நல்ல மனிதர் என்று சொன்னால் இந்தக் கதை முடிவதற்குள் என்னைத் திட்டுவீர்கள். ஆனாலும் சொல்லத்தான் செய்வேன். கிடாய் வெட்டும்போது அந்தத் திசையிலேயே தலைவைக்க மாட்டார். எனக்குப் பேன் பார்த்துவிட்ட ஒரே ஆம்பிளை அவர்தான்.

பேனருக்கு மாமா படம் வேண்டுமென்று சித்தப்பா கூப்பிட்டபோது மாமா வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தார். நல்லதாக ஒன்றைப் பார்த்து அனுப்பு என்று அம்மா என்னிடமே விட்டுவிட்டாள். போனில் இருந்ததெல்லாம் விறைப்பாக நிற்கிற படங்கள். தள்ளிக்கொண்டே போனேன். ஒரே ஒரு படத்தில் மாமா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, தோளில் துப்பாக்கி, ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்த தோரணை. அந்தக் கால் இருந்தது ஓர் ஆளின் முதுகில். சட்டையில்லாமல், கை பின்னால் கட்டப்பட்டு அவன் முட்டி போட்டிருந்தான். உதடு கிழிந்திருந்தது. முகத்தை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தான். பக்கத்தில் இன்னொருவன் குனிந்திருந்தான். திருடனைப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாமா எவ்வளவு அழகாக இருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் பேனர் முக்கில் ஏறியது. சித்தப்பா மாமாவை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் பனிமலையும் கொடியும் வைத்து, பூட்ஸ் காலுக்குக் கீழே ஒரு பாறையைச் செருகியிருந்தார். மாமா வந்து அந்தப் பாறையைப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து பேனரை இறக்கச் சொன்னார். விசேசத்துக்கு முன்னால் பேனரை இறக்குவதா, வாயைக் கழுவுடா என்று அம்மா ஏசினாள். மாமா என்னைத் திட்டவில்லை. வேறு யாருக்கும் அனுப்பினாயா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு சித்தப்பா கடைக்குப் போனார். முழுப் படத்தையும் அழித்துவிடச் சொன்னார். சித்தப்பா மவுசிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்.

"அவுக என்ன பண்ணுனாக மாப்ள?"

"ஒண்ணுமில்ல மச்சான். சந்தேகத்துல புடிச்சோம். மறுநாளே விட்டாச்சு."

"அப்ப எதுக்குக் காலத் தூக்கி வச்ச?"

"போட்டோ எடுத்தவன் வைக்கச் சொன்னான்" என்றார் மாமா.

முட்டி போட்டிருந்தவர்களைச் சித்தப்பா 'அவுக' என்று சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. திருடனுக்கு என்ன மரியாதை? சித்தப்பாவையே ஒரு தடவை திருட்டு வண்டிச் சந்தேகத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிடித்துப்போய் ஒரு பகல் முழுக்க முட்டி போட வைத்திருந்தார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை. அழித்தாயிற்று என்று அன்று சித்தப்பா சொன்னார். மாமா நம்பினார்.

வருசநாட்டுப் பக்கம் குலசாமி கோயிலில் காதுகுத்து நன்றாகவே நடந்தது. தம்பி மாமா மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினான். அவன் கண்ணைத் துடைத்துவிட்டு மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலாம் நாள் மதுரைக்குப் போய் ரயிலேறினார்.

பிறகு ஒரு சனிக்கிழமை நான் சித்தப்பா கடைக்குப் போனபோது அந்தப் படம் கம்ப்யூட்டரில் முழுசாகத் திறந்திருந்தது. மதுரையில் ஒரு பத்திரிகைக்காரருக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். மாமா வேலை போய்விடும் என்று நான் அழ ஆரம்பித்தேன். சித்தப்பா ஸ்டூலை இழுத்து என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"மாமா கெட்டவன் இல்லத்தா. ஆனா இது நடந்துருக்குல்ல. பாத்துட்டுப் பொத்திக்கிட்டு இருந்தா நானும் அங்கன நின்னு சிரிச்ச மாதிரிதான."

எனக்கு அந்த நியாயமெல்லாம் ஏறவில்லை. மாமா முகம் தெரியக்கூடாது என்று ஒரே பிடியாகப் பிடித்தேன். சித்தப்பாவுக்கும் உள்ளுக்குள் அதுதான் அறுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சரியென்றார். மாமா முகத்தின்மேல் கட்டம் கட்டமாக மங்கலைப் பூசினார். காது தெரியுது என்றேன், காதை மறைத்தார். சட்டையில் பேரு தெரியுது என்றேன், அதையும் மறைத்தார். நான் மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

படம் பத்திரிகையில் வந்தது. அங்கிருந்து எல்லார் போனுக்கும் வந்தது. ஊர் முக்கு டீக்கடையில் எவனோ ஒருத்தன் போனைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கியிருக்கிறான். எதிரே பன்னிரண்டு அடிக்கு மாமா நிற்கிறார். அதே தோள், அதே துப்பாக்கி, அதே தூக்கிய கால். எங்கள் பக்கம் பேனர் கட்டுவதற்குத்தான் ஆள் வருவார்கள், அவிழ்ப்பதற்கு யாரும் வரமாட்டார்கள். காற்று கிழித்தால்தான் உண்டு. அவ்வளவு பக்குவமாக முகத்தை மறைத்த சித்தப்பாவுக்குத் தான் அடித்த பேனர் ஞாபகமில்லை. எனக்கும் இல்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஊரெல்லாம் சுற்றவிட்டார்கள்.

விசாரணை வந்தது. மாமாவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். காலைத் தூக்கி வைக்கச் சொன்னவனுக்கு ஒன்றுமில்லை, அவன் படத்தில் இல்லையே. பிடித்துவரச் சொன்ன அதிகாரிக்கும் ஒன்றுமில்லை. படத்தில் அகப்பட்டது மாமா மட்டும். அவர் ஊருக்குத் திரும்பிய அன்று இளவட்டங்கள் இன்னொரு கடையில் புதிதாகப் பேனர் அடித்து, சிங்கமே என்று எழுதி, அதே படத்தை அதே பாறையோடு வைத்தார்கள். மாமா பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்தார். தானே கம்பத்தில் ஏறி அறுத்துப் போட்டார். அம்மா சித்தப்பா வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். "சொந்தக்காரன் சோத்துல மண்ணைப் போட்டாக, பத்திரிகையில பேரு வாங்கிக்கிட்டாக" என்று தெருவில் நின்று சொன்னாள். பேரெல்லாம் வரவில்லை. கடை படுத்தது, அவ்வளவுதான்.

யார் செய்தது சரி என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நல்லது கெட்டதில் இரண்டு பந்தியாகப் பிரிந்து சண்டை நடக்கும். வெளியிட்டது துரோகம் என்று ஒரு பந்தி. வெளியிடாமல் இருந்திருந்தால் பாவம் என்று ஒரு பந்தி. மாமா இரண்டிலும் உட்காருவதில்லை. தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழேயே கிடக்கிறார். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. நானும் பல வருசம் மாமாவுக்காகவே அழுதேன். படத்தை எடுத்துக் கொடுத்தவள் நானாயிற்றே.

போன மாதம் அந்தப் படம் திரும்ப என் போனுக்கு வந்தது. எல்லையில் ஏதாவது சத்தம் கேட்டால் அது வந்துவிடும். யாரோ முகம் தெரியாத வீரனுக்கு வணக்கம் என்று கீழே எழுதியிருந்தார்கள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமா இருக்கிற இடத்தில் வெறும் கட்டங்கள். கீழே அந்த ஆள் தெளிவாக இருந்தான். கிழிந்த உதடு, புருவத்தில் ஒட்டிய மண், கேமராவைப் பார்க்கிற கண். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதிருக்கும். அவன் ஊரிலும் டீக்கடை இருக்கும், அங்கேயும் எல்லார் கையிலும் போன் இருக்கும். ஒரு குற்றமும் இல்லையென்று மறுநாளே விடப்பட்டவன். எங்கள் வீட்டில் எந்தப் பந்தியிலும் அவனைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை.

அன்றைக்குக் கடையில் நடந்ததில் ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமா பேரை மறைத்து முடித்ததும் சித்தப்பா திரும்பி, "வேற யாரு மூஞ்சியும் மறைக்கணுமாத்தா?" என்று கேட்டார். நான் படத்தை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒருமுறை நன்றாகப் பார்த்தேன். "வேற யாருமே இல்ல சித்தப்பா" என்றேன். அவரும் ஒருதரம் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டி அனுப்பினார்.