மூன்றாவது விரல்

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகிக்கொண்டு நிற்கிறார் சேவல். காய்கறிச் சந்தைக்குள் லாரிகள் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருக்கின்றன. மோதிர விரல் உதட்டோரம் முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.

"என்ன சேவலு, கதவு தொறந்துச்சா?" என்று கேட்கிறான் தக்காளிக்காரன்.

விரல்களை உருவிக்கொண்டு சொல்கிறார்: "ரெண்டு பேரு உள்ள போயாச்சு. ஒருத்தன் வாசல்லயே நிக்கிறான்."

"விரலா அது? கேரட்டுய்யா. எப்படிப் போகும்?"

சேவல்தான் இங்கே ஏலக்காரர். கவிழ்த்த பெட்டிமேல் ஏறி, மைக் இல்லாமல் கூவினால், கடைசி வரிசையில் வெங்காயக் கடை வைத்திருக்கும் எனக்கு விலை சுத்தமாகக் கேட்கும். அதனால் வந்த பெயர். ஒருநாள் கோஸ் இலையில் வழுக்கி, தராசின் விளிம்பில் மோவாயைக் கொடுத்தார். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போனது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். குழாய் வைத்துப் பாலையும் சூப்பையும் உறிஞ்சியே காலம் தள்ளினார். மனைவிக்கு இனி நிம்மதியான தூக்கம் என்று சந்தையே கேலி பேசியது. "எங்க தூங்குறது? சத்தம் இல்லாம கண்ணே மூடல" என்றார் அந்த அம்மா.

கம்பியைக் கழற்றிய டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டைக் காட்டி விளக்கியிருக்கிறார். அன்றிலிருந்து இவரிடம் யாரும் சும்மா பேசிவிட்டுப் போக முடியாது. நம் முகத்தைத் தட்டித் தட்டிப் பாடம் எடுப்பார். "இது கன்னத்து எலும்பு. கண்ணுக்கு வரப்பு மாதிரி. விழுற அடிய இது வாங்கிக்கும், கண்ணு தப்பிச்சிடும்." அடுத்து மூக்கைப் பிடித்து ஆட்டுவார். "மேலதான் எலும்பு. கீழ வெறும் குருத்து. அதான் ஆடுது." மேல்தாடை அவருக்கு உத்தரம், பல்லையும் தாங்கி, வாய்க்குக் கூரையும் போட்டிருக்கிறதாம். "அதெல்லாம் அசையாம உக்காந்திருக்கு. முகத்துல நடமாடுற எலும்பு இந்தக் கீழ்த்தாடை ஒண்ணுதான். பாத்துப் பாத்து அதையா ஒடைச்சுக்கணும் நான்?"

கண்ணோரத்தில் நகமளவு எலும்பு ஒன்று உண்டாம். "அது வழியாத்தான் கண்ணீர் மூக்குக்கு எறங்குது. உங்க கடைக்கு வந்தா ஏன் மூக்கு ஒழுகுதுன்னு இப்ப தெரியுதா, வெங்காயக்காரரே?" தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கட்டியே கிடந்து இறுகிப்போன தாடைக்குள் சொந்த விரல் மூன்று அடுக்காகப் போனால்தான் வாய் சரியானதாகக் கணக்கு. அதுவரை கூவக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. இப்போது சேவலுடைய மனைவியின் தம்பி மைக்கில் ஏலம் விடுகிறான். ரயில் வரப்போவதைச் சொல்கிற மாதிரி விலை சொல்கிறான். யாருக்கும் ஏற்றிக் கேட்கவே தோன்றுவதில்லை. சங்கத் தலைவரோ, மாசக் கடைசிக்குள் சேவல் தேறாவிட்டால் மைக்கே நிரந்தரம், அவர் உட்கார்ந்து எடை எழுதட்டும் என்று சொல்லிவிட்டார். இன்றைக்குத்தான் மாசக் கடைசி.

"மோதிர விரலுக்குப் பதிலா சுண்டு விரல விடுங்க அத்தான். யாரு பாக்கப் போறா?" என்கிறான் மைத்துனன்.

"போடா. என் வாய நானே ஏமாத்துறதா?"

டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவந்த மனைவி, அவர் தோளிலிருந்த துண்டை உருவி நனைத்துப் பிழிந்து, காதுக்கு முன்னால் தாடை கீல் போட்டிருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தார். "அவசரப்படாதீங்க. மெதுவா."

இரண்டு விரல் போனது. மோதிர விரல் உதட்டைத் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, கணு வரைக்கும் நுழைந்தது. தக்காளிக்காரன் கேலியை விட்டுவிட்டு வாய் பிளந்து பார்த்தான். சேவலுக்குக் கண்ணில் நீர் கோத்து, அவர் சொன்ன வழியிலேயே மூக்கில் இறங்கியது.

மனைவி கையிலிருந்த துண்டை வாங்கிச் சேவல் மூன்று விரல்களையும் துடைத்தார். பெட்டிமேல் ஏறினார். ஈரத் துண்டை உதறி, மைக்கின் தலைமேல் காயப்போட்டார்.