பெல்ட்டுக்கு அடித்த தந்தி

அன்றைக்குக் கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கத்து பிரவுசிங் சென்டரில் இருந்தது நான்கு பேர். நான், என் நாத்தனார், கடைக்கார பாய், மூலையில் துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்த சஃபாரி சூட்காரர். கைக்குட்டையில் சுற்றி என் மடியில் கிடந்த அறுந்த பெல்ட்டையும் ஆளாக எண்ணினால் ஐந்து. என் கவலையெல்லாம் அந்த ஐந்தாவது ஆளைப் பற்றித்தான்.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு எம்பிராய்டரி மெஷின் வைத்திருந்தோம். ஜப்பானில் பல வருஷம் ஓடிவிட்டு இங்கே வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில், சட்டைப்பை பேட்ஜ் இரண்டாயிரம் போட வேண்டியிருந்தபோது, பெல்ட் அறுந்தது. திங்கட்கிழமைக்குள் பேட்ஜ் வராவிட்டால் வேலையைத் திருப்பூரில் கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷத்துக்கு எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வேலை அது. காந்திபுரத்தில் ஏறி இறங்கிய கடையிலெல்லாம், "ஜப்பான்லதானுங்க கெடைக்கும்" என்று பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்டர்நெட்டில் தேடலாம் என்று இழுத்துவந்தது நாத்தனார். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். நான் எட்டாவதோடு நின்றவள். பயப்படுவதற்கு மட்டும் மேல்படிப்பு தேவைப்படவில்லை.

"ஏனுங்க, ஜப்பானுக்குப் போனா ஐ.எஸ்.டி. பில்லு வந்துருமுங்களா?"

"வராதுக்கா. எந்த நாட்டுக்குப் போனாலும் மணிக்கு அறுவது ரூபாதான்" என்றார் பாய்.

"தப்பா எதையாச்சும் அமுக்கிப்போட்டா?"

"அண்ணி, நீங்க எதையும் அமுக்க வேண்டாம். கைய மடில வெச்சுக்கோங்க" என்றாள் நாத்தனார்.

தேடும் கட்டத்தில் என்ன எழுதுவது? முன்பின் தெரியாதவரிடம் எடுத்ததும் பெல்ட் கேட்டால் என்ன நினைப்பார்கள்? நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம், நாங்கள் கோயமுத்தூர் ஜில்லா, கருமத்தம்பட்டி, தங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும்... பெல்ட் பதினோராவது வரியில் வந்தது.

திரையில் வந்ததெல்லாம் லீவ் லெட்டர் மாதிரிகள். சஃபாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க காய்ச்சல்?" என்று விசாரித்தார்.

சரியென்று வெறும் பெல்ட் என்று மட்டும் போட்டோம். இடுப்பு பெல்ட், கார் பெல்ட், குஸ்திக்காரர்கள் ஜெயிக்கிற பெல்ட் என்று ஆயிரக்கணக்கில் வந்து கொட்டியது.

"அண்ணனுக்கு ஒண்ணு எடுத்துக்கலாமுங்களா?"

"சும்மா இரு அம்மணி, மணிக்கு அறுவது ரூபா ஓடுது."

முக்கால் மணி நேரம் போயிருந்தது. பாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அக்கா, இதுக்கு மரியாதையெல்லாம் வேண்டாம். நீங்க போடுற அத்தன வார்த்தையையும் இது தேடும். எது இல்லாம ஆகாதோ அத மட்டும் போடுங்க."

"தந்தி மாதிரிங்களா?"

பாய் மேஜையைத் தட்டினார். "ஆமாக்கா, தந்தியேதான்!"

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் நூல் எடுக்க சூரத் போகும்போதெல்லாம், மூன்று நாள் தகவல் இல்லையென்றால் நான் தந்தி ஆபீஸில் நிற்பேன். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. ஒரு பக்கம் நீளும் கவலையை நாலு சொல்லில் அடைத்து அடைத்து எனக்குக் கை பழகியிருந்தது.

மெஷின் தகட்டில் இருந்ததையெல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்னால் எழுதி வந்திருந்தேன். நாத்தனார் வாங்கிப் பார்த்தாள். "தகட்டுல நாலு ஸ்க்ரூ, அதுல ஒண்ணு லூசுன்னுகூட எழுதியிருக்கீங்களே!"

"ஸ்க்ரூ வேண்டாம். கம்பெனி பேரு, மாடல் நம்பரு, பெல்ட்டு, டீலரு, இந்தியா. அவ்வளவுதான்."

மாடல் நம்பரின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போடச் சொன்னார் பாய். அப்போதுதான் நம்பரைப் பிய்த்துப் பிய்த்துத் தேடாதாம். இந்தத் தடவை ஏழே ஏழு வரி வந்தது. மூன்றாவதைத் திறந்தால் டீலர் பட்டியல். பம்பாய், டெல்லி, லூதியானா, கடைசியில் போத்தனூர்.

"இங்கிருந்து அரை மணி பஸ்ல போற நம்ம போத்தனூருங்களா?"

"வேற எங்க அண்ணி, ஜப்பான்லயா இருக்குது போத்தனூரு?"

எழுபது ரூபாய் ஆகியிருந்தது. என் பர்ஸில் இருந்தது அறுநூறு. பெல்ட் என்ன விலையோ தெரியாது. ஐம்பதை நீட்டிக்கொண்டு நான் விழித்ததைப் பார்த்து, "மொதல்ல பெல்ட்ட வாங்குங்கக்கா, பாக்கி அப்புறம்" என்று ஐம்பதை வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார் பாய். பெல்ட் ஐநூற்று முப்பது. பஸ்ஸுக்குப் போக கையில் சில்லறைதான் மிஞ்சியது. அன்று சாயங்காலமே மெஷின் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாயிரம் பேட்ஜையும் இரண்டு பேர் எண்ணி முடித்தார்கள். நான் மூன்றாம் தடவை எண்ணினேன்.

அடுத்த மாதம் பாக்கியோடு போனால், அந்த இடத்தில் செருப்புக் கடை. பாய் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பின்னாளில் எங்கள் வீட்டுக்கே கம்ப்யூட்டர் வந்ததும் நாத்தனாரை உட்காரவைத்தேன்.

"என்ன அடிக்கட்டும் அண்ணி?"

அவர் பேரை நான் கேட்கவே இல்லை. நாத்தனாரும் கேட்கவில்லை. பாய், பிரவுசிங், டவுன்ஹால் என்று போட்டுப் பார்த்தோம். யார் யாரோ வந்தார்கள், அவர் வரவில்லை. பாக்கி அப்படியே நிற்கிறது: இருபது ரூபாய்.