தொண்டை இல்லாத ஸ்போக்கன் இங்கிலீஷ்

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தொழிலுக்குப் பெரிய முதலீடு வேண்டாம். ஒரு மாடி அறை, ஒரு கரும்பலகை, ஒரு தொண்டை இருந்தால் போதும். துபாயில் கால்சென்டர் பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தவன், அந்த நம்பிக்கையில்தான் ஊர் திரும்பிப் பாளையங்கோட்டையில் வகுப்பு தொடங்கினேன். முதலீட்டில் மூன்றாவதைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சுவிடுகிறேன். பேசவேண்டுமென்றால் சவர மெஷின் மாதிரி ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்துவேன். அது உறுமும்; நான் வாயசைத்தால் அந்த உறுமல் வார்த்தையாகும்.

என்னைப்போலத் தொண்டையைப் பறிகொடுத்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். நமக்குத்தான் தலையாட்டிப் பழகிவிட்டதே. பூட்டிக்கிடந்த வகுப்பைத் திறந்தால் யாராவது வருவார்களா, இல்லை போர்டைக் கழற்றிவிட்டு வீட்டில் உட்காரவேண்டியதுதானா என்பதுதான் அப்போது என் கவலை.

போனில் ஒரு மனிதன்

திறக்கப்போகிறோம் என்று போர்டில் ஒரு தாளை ஒட்டினேன். முதல் போன் வந்தது. ஒரு அம்மா. “ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசா?” கருவியை அழுத்தி, “ஆமாம்மா, வணக்கம், சொல்லுங்க” என்றேன். அந்தப் பக்கம் அவர் மகளிடம் சொல்வது கேட்டது: “ஏட்டி, ரெக்கார்டிங்குதான் ஓடுது.”

“ரெக்கார்டிங் இல்லம்மா, நான் மனுஷன்தான் பேசுறேன்” என்றேன். அவசரத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டேன்போல, உறுமல் கூடிவிட்டது. அந்த அம்மா அசரவில்லை.

“மனுஷன்னு சொல்லச் சொல்லி வேற பழக்கி வச்சிருக்கானுவ பாரு. போனை வைட்டி.”

ஒரே சுருதி

மாடிக்குக் கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மைதீன், என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். நம் பக்கத்தில் ‘லே’ என்பதற்கு அகராதியில் பொருள் தேடிப் பயனில்லை. கொஞ்சுவதும் லேதான், கைகலப்புக்கு முந்தைய வார்த்தையும் லேதான். எது எது என்பதைத் தொண்டைதான் முடிவுசெய்யும். என் கருவிக்கு ஏற்றமும் இறக்கமும் கிடையாது. ஒரு எழுத்துக்குள் இத்தனை உறவு இருந்ததென்பது, தொண்டை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அறையைக் கூட்டிப் பெருக்கப் போன அன்று, படியேறும்போது பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தேன்: “ஏலே மைதீனு, டீ சொல்லுலே!” கடையில் நின்ற பெரியவர் ஒருவர், கருவியோடு தாடைவரை உயர்ந்திருந்த என் கையைப் பார்த்துப் பதறி எங்கள் நடுவே வந்துவிட்டார். “அண்ணாச்சி, கையை இறக்குங்க. எதுன்னாலும் பேசித் தீத்துக்கிடலாம்.”

மைதீன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே சொன்னான்: “பேசத்தாம்வே செய்யுதான், அவன் படுத பாட்டைப் பாக்கேருல்லா!”

ஆற்றங்கரையில்

குறுக்குத்துறையில் என் மைத்துனன் மகனுக்குக் காதுகுத்து. எல்லாரும் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். நான் படியில். “அத்தான், ஒரு முங்கு போடுங்க, எல்லாம் சரியாயிரும்” என்றான் மைத்துனன். என் மூக்குக்கும் நுரையீரலுக்கும் இப்போது சம்பந்தமில்லை, கழுத்துவரை தண்ணீர் வந்தாலே நேராக நெஞ்சுக்குள் போய்விடும் என்று விளக்கினேன். யோசித்தான். “அப்போ மூக்கைப் பிடிக்கதுக்குப் பதிலா, நான் உங்க கழுத்தைப் பிடிச்சுக்கிடுதேன். முங்குங்க.”

துண்டோடு நின்ற என் மனைவி திரும்பிப் பார்த்தாள். “இவுக கழுத்தைப் பிடிக்க நான் ஒருத்தி போதும். நீ முங்கிட்டு வாலே.”

மாத்திரையும் ரசீதும்

ஒருவழியாக வகுப்பு தொடங்கியபோது வந்தது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதில் ஜெபா என்று ஒரு நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வீடியோவில் இன்டர்வியூ வரப்போகிறது என்று சேர்ந்தாள்.

என் கருவிக்குத் தமிழ் வரும், ஆங்கிலம் வராது என்பது அந்த வாரம் தெரிந்தது. தமிழில் ஒரே ‘ப’வை வைத்துக்கொண்டு நாம் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் மெல்லிய ப வேறு, அதிர்கிற ப வேறு. கருவியோ ஓயாமல் அதிர்கிறது. நோயாளி மாத்திரையை வாங்கிக்கொண்டார் என்பதற்கு ‘பில்’ என்று சொன்னேன். மொத்த வகுப்பும் ரசீதை வாங்கிக்கொண்டார் என்று எழுதிவைத்திருந்தது. (இங்கேயே பாருங்கள், இரண்டு பில்லையும் தமிழில் எழுதினால் ஒன்றுதான்.) இந்தப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து, வேறு வகுப்பில் சேர்ந்துகொள்ளம்மா என்றேன். ஜெபா நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இதுல தப்பு எங்க இருக்கு சார்? எங்க ஆஸ்பத்திரியில முதல்ல அதைத்தான குடுப்பாங்க.”

புது வரவு

ஜெபா போகவில்லை. இன்டர்வியூ அன்று மழை, லைன் சரியில்லை. கேள்வி கேட்ட அம்மாவின் குரல் டப்பாவுக்குள் தகரம் உருட்டியதுபோல வந்ததாம். கூட உட்கார்ந்த பெண்களெல்லாம் “பார்டன், பார்டன்” என்று தவித்திருக்கிறார்கள். இவள் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. மாதக்கணக்கில் என்னைக் கேட்டவளுக்கு அதெல்லாம் தெளிவான பேச்சு! வேலை இன்னும் உறுதியாகவில்லை, அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் சேதி நர்ஸ் ஹாஸ்டல் முழுக்கப் பரவி, அடுத்த திங்கட்கிழமை நாற்காலி போதாமல் மைதீன் கடை ஸ்டூலையும் தூக்கிவரவேண்டியதாயிற்று.

புதியவர்கள் பயந்துவிடக் கூடாதென்று மிகவும் மெதுவாகப் பேசினேன்; சொல்லச் சொல்லக் கரும்பலகையிலும் எழுதிப்போட்டேன். பாதியில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

“எழுதிப் போடாதீங்க சார். ஜெபா அக்காகிட்டப் பேசுன மாதிரி, எங்களுக்குப் புரியாமலே பேசுங்க.”

கணீரென்று நான் பேசிய காலத்தில் கடைசி வரிசையில் இடம்பிடித்துத் தூங்கிய இந்த ஊர், இப்போது என் வாயைப் பார்த்தபடி முதல் வரிசைக்குச் சண்டை போடுகிறது.